உடனிருந்தவர் கையெழுத்து

ஹெட்லி பியர்ட் பதினேழு வருடங்கள் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினார். அவர் செய்த வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஊரில் யாராவது கேட்டால் அவரும் அப்படித்தான் சொல்வார். கேட்டவர் சிரிப்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு பங்கு எண்ணெய்க்கு ஒன்பது பங்கு தண்ணீர். எண்ணெய் என்று நாங்கள் சொல்வது ஸ்டைரீனை. கார் பட்டறையில் பட்டி பூசும்போது மூக்கில் ஏறுமே, அந்த வாசனை. அதில் தேன் போன்ற ஒரு குழம்பைக் கலந்துவிட்டால் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளும். மேலிருந்து ஒரு துடுப்பு சுற்றிக்கொண்டே இருக்க, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நாற்பது நிமிடம். அவசரப்பட்டால் பால் மாதிரி திரிந்து போகும். பொறுமையாக விட்டால் கெட்டித் தயிர் போல இறுகி, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கும். அதை அச்சில் நிரப்பி ஒரு நாள் முழுக்க அடுப்பில் வைத்தால், துளிகளைச் சுற்றியிருக்கும் எண்ணெய்ப் படலம் கெட்டியாகிவிடும். பிறகு ஆல்கஹாலில் கழுவி உலர்த்த வேண்டும். தண்ணீர் போய்விடும். அது இருந்த இடம் மட்டும் மிஞ்சும். சாக்பீஸ் போல வெள்ளையாக, கையில் எடுத்தால் அப்பளம் போலக் கனமே இல்லாமல் ஒரு கட்டி. உள்ளே கோடிக்கணக்கில் சின்னச் சின்ன அறைகள், அறைக்கு அறை ஜன்னல்.

அந்தக் கட்டியை நாணயம் அளவுக்குச் சீவி வில்லைகளாக்கி அனுப்புவோம். மருந்துகளைச் சோதிக்கிறவர்கள் அதில் ஈரல் செல்களைக் குடிவைப்பார்கள். அறை நாற்பது மைக்ரான் இருக்க வேண்டும், அதாவது தலைமுடியின் பாதி கனம். பெரிதாகிப் போனால் செல்கள் பிடிமானம் இல்லாமல் அடியில் போய்க் குவிந்து செத்துவிடும். மைக்ராஸ்கோப்பில் அறைகளை அளந்து சொல்வது என் வேலை. நியூகாசிலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். அதனால் எல்லோருக்கும் நான் டாக்டர். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

கம்பெனி இருந்த கட்டடம் ஒரு காலத்தில் சீஸ் கிடங்கு. வியர் ஆற்றங்கரை, சுண்ணாம்புக்கல் சுவர், ஜன்னலைத் திறந்தால் செம்மறி ஆடுகளின் சத்தம். மேல்தளத்தில் நாங்கள் ஒன்பது பேர். ஹெட்லி மட்டும் நிலவறையில். வாசனை மேலே வரக்கூடாது என்று ஆரம்பத்தில் அவரை அங்கே வைத்தார்களாம். பிறகு காற்று உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டு வந்தது, வாசனைப் பிரச்சினை போயிற்று. அவரை மேலே கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

நிலவறைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே, சீஸ் உருண்டைகளை ஏற்றுவதற்காக அந்தக் காலத்தில் வைத்த ஒரு தூக்குப்பெட்டி இருந்தது. கயிற்றை இழுத்தால் பெட்டி மேலே வரும், ஒரு மணி அடிக்கும். ஹெட்லி அதில் தட்டை வைத்து அனுப்புவார். தட்டில் வெள்ளைக் கட்டிகள், அவற்றின் மேல் அந்தத் தொகுதிக்கான படிவம். படிவத்தின் கடைசியில் இரண்டு கோடுகள். ஒன்றில் 'ஊற்றியவர்', மற்றொன்றில் 'உடனிருந்தவர்'.

உடனிருந்தவர் என்பது சட்டம். தண்ணீர் எந்த வேகத்தில் விழுந்தது என்பதை முடிந்த பொருளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே இன்னொருவர் நாற்பது நிமிடமும் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு வில்லைகூட வெளியே போக முடியாது.

நான் சேர்ந்த முதல் வாரம். பத்தரை மணி டீ மேசை. பொட்டலம் கட்டும் பிரிவில் இருக்கும் டாட் கோல்சன் ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினாள். ஐம்பத்தெட்டு வயது, வாயில் எந்நேரமும் புதினா மிட்டாய்.

"இந்தா டாக்டர், இதுல ஒரு கிறுக்கு கிறுக்கு."

"நான் கீழ போகவே இல்லையே."

"யாரு போனா? பதினஞ்சு வருஷமா நான்தான் போட்டுட்டு வரேன். இனிமே படிச்சவங்க போடட்டும், பேப்பருக்கும் ஒரு அழகு."

"அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"ஹெட்லியா? தீப்பிடிச்சாக்கூட அந்த மனுஷன் மணியத்தான் அடிப்பான். பிஸ்கட் எடுத்துக்கோ கண்ணு."

போட்டேன். என் விசா அந்தக் கம்பெனியின் ஒரு கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. புது இடத்தில் முதல் வாரமே வழக்கத்தைக் கேள்வி கேட்கிறவளாக இருக்க எனக்குத் துணிச்சல் இல்லை. இப்படிச் சொன்னால் சமாதானம் போலத் தெரியும். உண்மையில் இரண்டாவது வாரத்திலிருந்து அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பேனா கையில் இருக்கும், மணி அடிக்கும், போடுவேன். இரண்டு வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு தடவை. பின்னால் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்ததால் கணக்கு தெரியும்.

ஹெட்லியை நாங்கள் பார்த்ததெல்லாம் காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம். ஃப்ராஸ்டர்லியிலிருந்து பஸ்ஸில் வருவார். உயரமான மனிதர், தாழ்ந்த கதவுகளுக்குப் பழகிப்போன கூன். கோடையிலும் இரண்டு ஸ்வெட்டர். ஊரிலிருந்த பித்தளை வாத்தியக் குழுவில் டெனர் ஹார்ன் வாசித்தவராம். ஆள் சேராமல் குழு கலைந்தபோது வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாய் மட்டும் பழக்கத்தை விடவில்லை. தூக்குப்பெட்டி வழியாகச் சில நேரம் அவர் முணுமுணுக்கும் மெட்டு மேலே வரும்.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு மட்டும் எங்களோடு உட்காருவார். ஒரு வருடம் டாட் அவரைக் கதவோரம் உட்காரச் சொன்னாள்.

"அங்க உக்காரு ராசா. நீ பக்கத்துல இருந்தா வான்கோழியே பிளாஸ்டிக் பொம்மைக் கடையில வாங்குன மாதிரி மணக்குது."

"பொம்மைன்னா எலும்பு இருக்காதுல்ல. நல்லதுதான்" என்றார் ஹெட்லி.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். கதவோரமே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். யாராவது இருங்கள் என்று சொல்வார்களா என்று பார்த்தாரா, கையுறையைத் தேடினாரா, தெரியாது. நான் அப்போது கிரேவி கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அடுத்து வந்த மே மாதத்தில் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து, நிலவறைக்கு ஒரே வழிதான் இருக்கிறது, ஆளை வைத்து அங்கே வேலை செய்யக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பதினேழு வருடம் யார் கண்ணிலும் படாதது ஒரு மணி நேரத்தில் அவர் கண்ணில் பட்டது. ஹெட்லியை மேலே கொண்டுவந்தார்கள். நடைபாதையை ஒட்டிக் கண்ணாடிச் சுவர் வைத்த புது அறை, தெற்குப் பார்த்த ஜன்னல், வெயில். முதல் நாள் அவர் டை கட்டிக்கொண்டு வந்தார்.

டாட் நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். "என்னய்யா, ஏதாவது கல்யாணமா?"

"மாடி உத்தியோகம் டாட். பார்க்க லட்சணமா இருக்கணும்ல."

"மாப்பிள்ளைக்கு அறுபத்தொண்ணு. பொண்ணு யாரு, அந்தத் துடுப்பா?"

முதல் மூன்று வாரமும் ஹெட்லி வேறு மனிதராக இருந்தார். கண்ணாடிக்கு வெளியே யார் போனாலும் கையைத் தூக்குவார். தபால்காரனுக்குக்கூட. பத்தரை மணிக்கு டீ மேசைக்கு வந்து உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார், எழுந்து போக மனமில்லாமல். படிவத்தை இப்போது தூக்குப்பெட்டியில் அனுப்ப வேண்டியதில்லை. கையாலேயே கொண்டுவந்து என் பக்கத்தில் வைப்பார். நான் அதே மேசையில் உட்கார்ந்து, அவர் எதிரிலேயே, உடனிருந்ததாகக் கையெழுத்துப் போட்டேன். அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது அறையில் ஊற்றிய முதல் தொகுதியை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது அளவுகோலைத் தப்பாக அமைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எண்பத்தெட்டு மைக்ரான். மறுபடி அளந்தேன். எண்பத்தெட்டு. இரண்டாவது தொகுதி தொண்ணூற்றொன்று. மூன்றாவதில் சில அறைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூடம்போல ஆகியிருந்தன. எதையும் அனுப்ப முடியவில்லை. வில்லை வாங்குகிறவர்களிடமிருந்து முதலில் மின்னஞ்சல் வந்தது, அப்புறம் போன். கம்பெனி நடத்துகிற ஜானிஸ் காவெல் எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்.

ஜானிஸ் கெட்டவர் கிடையாது. எதையும் தாளில் பார்த்து முடிவு செய்கிறவர். பழைய படிவங்களையும் புதிய படிவங்களையும் மேசை மேல் இரண்டு வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்.

"ஸ்டைரீன் அதே ஆளுங்ககிட்ட வாங்கினது. குழம்பு அதே டிரம். துடுப்பு வேகம் அதே. ஊத்தின நேரம் நாப்பது நிமிஷம், ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பேப்பர்ல ஒரு வித்தியாசமும் இல்ல." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஹெட்லி, நான் இதை மனசு நோகணும்னு கேக்கல. கை எப்படி இருக்கு?"

ஹெட்லி தன் வலது கையைப் பார்த்தார். மேசை மேல் கிடந்தது அது, வேறு யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல.

"நல்லாத்தான் இருக்கு."

"கண்ணாடி வழியா எல்லாருக்கும் கை காட்டுறீங்க. நானே பார்த்தேன். அந்த நேரத்துல குழாய் கொஞ்சம் கூடுதலா திறந்திருக்கலாம்ல? வேணும்னு இல்ல. வயசுன்னு ஒண்ணு இருக்கு."

"இருக்கலாம்" என்றார்.

"அடுத்த வியாழக்கிழமை இன்னொண்ணு ஊத்துங்க. அதுவும் சரியா வரலைன்னா இதை வெளியிலேருந்து வாங்கறதா ஏற்பாடு. உங்களுக்கு வர வேண்டியதெல்லாம் குறையாம வரும், அதை நான் பார்த்துக்கறேன்."

ஹெட்லி ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம். ஆனால் அவர் முகத்தில் நான் பார்த்தது அந்தக் கவலை இல்லை. கையை மேசையிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கண்ணாடிக்கு வெளியே யாருக்கும் கை தூக்கவில்லை.

பதினேழு வருடமாக யாரும் பக்கத்தில் நின்றதில்லை என்று அந்தக் கூட்டத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் படிவத்துக்கு மதிப்பு போயிருக்கும், அவர் மேல் விழுந்த பழி அப்படி ஒரேயடியாக நின்றிருக்காது. அவர் டாட்டைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. டாட் வாயில் மிட்டாயை இடம் மாற்றினாள். நான் என் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை நான் வழக்கமாகப் போகிற பிஷப் ஆக்லாந்து பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்த்திசைப் பஸ்ஸில் ஏறினேன். ஹெட்லியின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் உடனே ஜன்னல் பக்கம் ஒதுங்கினார். வாசனைக்காக ஒதுங்குவது அவருக்கு அத்தனை பழக்கமாகியிருந்தது.

"உங்க வீடு இந்தப் பக்கம் இல்லையே டாக்டர்."

"இல்ல."

பஸ் வுல்சிங்கம் ஊரைத் தாண்டியது. பிறகு அவராகவே சொன்னார்.

"ஒரு காலத்துல லீக் வளர்த்தேன், அந்தப் பெரிய வெங்காயத்தண்டு. கிளப்ல செப்டம்பர் மாசம் போட்டி நடக்கும், தெரியும்ல. தொடை தண்டிக்கு வளர்ப்பாங்க. ஒரு தடவை ரெண்டாம் பரிசு. பன்னெண்டு பேர் சாப்பிடற தட்டு செட்."

"நல்ல பரிசுதான்."

"பெட்டி கட்டுனபடியே இருக்கு. ஒரே ஒரு தட்டை மட்டும் வெளிய எடுத்தேன்." கொஞ்ச நேரம் வயலைப் பார்த்தார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"நீங்கதான் உடனிருந்தவங்க. ரெண்டு வருஷமா கையெழுத்து போட்டிருக்கீங்க. முன்னாடி என் கை எப்படி இருந்துச்சு? இப்ப நடுங்குதா? எனக்கே தெரியல. என் கைய நான் பார்த்ததே இல்ல, சொட்டைத்தான் பார்ப்பேன்."

குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்ததா இல்லையா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அவர் முகம் கேள்வி கேட்கிற முகமாகத்தான் இருந்தது.

"எனக்குத் தெரியாது ஹெட்லி. நான் ஒரு நாள்கூடக் கீழ வந்ததில்லை."

"ஆமா" என்றார். "வந்ததில்லதான்."

அவர் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. எழுந்தவர், "நாளைக்கு நிலவறைச் சாவி வாங்கிட்டு வரேன். வேணும்னா வந்து பாருங்க. பார்க்க அங்க ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் படியிறங்கினோம். ஜூன் மாதம், வெளியே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்கிற வெயில். ஆறாவது படியில் என் கையில் மயிர் சிலிர்த்தது. கடைசிப் படியில் என் மூச்சு புகையாகத் தெரிந்தது. தரைக்கு அடியில் ஆற்றுக்குப் போகும் ஊற்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, கல் வழியே அதன் சத்தம் கேட்டது. அதற்காகத்தான் அந்தக் காலத்தில் இங்கே சீஸ் வைத்தார்கள். சுவரோரம் ஒரு கல் அலமாரி, அதில் தண்ணீர் வைக்கிற பெரிய கண்ணாடிக் குடுவை வட்டமாக விட்டுப்போன அடையாளம். ஒரு நாற்காலி. ஆணியில் தொங்கிய மூன்றாவது ஸ்வெட்டர், விரல் வெட்டிய கையுறை.

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்படி?"

"இந்தக் குளிர்."

சுற்றிலும் பார்த்தார், குளிரைக் கண்ணால் தேடுகிறவர் மாதிரி. "வருஷம் பூரா இதேதான். டிசம்பர்ல இறங்கினா வெளிய விட இங்க கதகதப்பு."

வெப்பமானியைக் கல் அலமாரியில் வைத்தேன். பதினொன்று. மேலே, கண்ணாடி அறையில், ஜன்னலோரம் வெயிலில் இருந்த குடுவைத் தண்ணீர் இருபத்துநாலு.

புத்தகம் படித்த யாருக்கும் தெரிந்த விஷயம் இது. தண்ணீர் சூடானால் துளிகள் ஒன்றோடொன்று சேரும், துளி பெருத்தால் அறையும் பெருக்கும். நானே பரீட்சையில் எழுதியிருக்கிறேன். செய்முறையை முதலில் எழுதிக் கொடுத்தவர் அடுப்பின் சூட்டை எழுதினார், தண்ணீரின் சூட்டை எழுதவில்லை. ஹெட்லிக்கு அது குளிராகத் தெரியவில்லை, ஏனென்றால் அவருக்கு அதுதான் அறை. இறங்கி வந்த வேறு யாருக்கும் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். யாரும் இறங்கவில்லை. இறங்கி நின்று பார்த்ததாக ஆயிரத்தெண்ணூறு தாளில் எழுதி மட்டும் வைத்திருந்தோம்.

ஜானிஸிடம் சொல்வதற்கு முன் டாட்டிடம் சொன்னேன். தெரியாமல் அவள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்தேன்.

"தண்ணி சூடுன்னு மட்டும் சொல்லு. நாம போகலைன்னு எதுக்குச் சொல்லணும்?"

"போயிருந்தா குளிர் தெரிஞ்சிருக்குமே டாட். எப்படித் தெரியாமப் போச்சுன்னு முதல் கேள்வியே அதுதான வரும்."

"உன் கையெழுத்தப் பத்தி நீ சொல்லிக்கோ. என்னோடத எதுக்கு இழுக்கிற? உனக்கென்ன, வேலை போனா நீ உன் ஊருக்குப் போயிருவ. நான் இங்கயேதான் கடைக்குப் போகணும்."

"என் ஊருக்குப் போயிருவேன்னுதான் எனக்கும் பயம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதன் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிஸ்கட் டப்பா மட்டும் வழக்கமான இடத்தில் இருந்தது.

ஜானிஸின் அறையில் என் கையெழுத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் பழைய படிவங்களைத் தாமே எடுத்துப் புரட்டினார், டாட்டின் பெயரில் வந்து நின்றார், அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் மூடினார். வாங்குகிறவர்களுக்கு எழுத வேண்டியிருந்தது, எழுதினார். எனக்கும் டாட்டுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் கடிதம் கோப்பில் இருக்கிறது. விசா புதுப்பிக்கப் போன ஒவ்வொரு முறையும் அது எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்குமோ என்று பயந்திருக்கிறேன். ஒரு தடவையும் யாரும் கேட்கவில்லை.

ஜானிஸ் அன்று கேட்டது ஒன்றுதான். "குளிர்தான் காரணம்னு எப்படி நிச்சயமா சொல்றீங்க? கையா இருந்தா?"

நியாயமான கேள்வி. அதற்கு வழியும் இருந்தது, அதை நான்தான் சொன்னேன். கையை அகற்றிவிட்டுப் பார்க்கலாம். குழாயைத் திறக்கிற வேலையை ஒரு சின்னப் பம்ப்பிடம் கொடுத்து, ஒரு தடவை இருபத்துநாலிலும், இன்னொரு தடவை பாத்திரத்தைச் சுற்றிக் குளிர்நீர் ஓட விட்டுப் பதினொன்றிலும் ஊற்றுவோம். முதலாவது பெருத்து, இரண்டாவது நாற்பது மைக்ரான் வந்தால், பழுது கையில் இல்லை. எவ்வளவு தெளிவான சோதனை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை ஹெட்லி ஊற்ற வேண்டிய நேரத்தில் பம்ப் ஊற்றியது. ஹெட்லி கண்ணாடி அறைக்குள் கைகட்டி நின்று பார்த்தார். பம்ப் ஒரே சீராகச் சொட்டியது, மெட்டு ஏதும் முணுமுணுக்காமல். இரண்டு தடவையும் நாற்பது நிமிடத்தில் கெட்டித் தயிர். அடுப்பு, கழுவல், உலர்த்தல். செவ்வாய்க்கிழமை இரண்டையும் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இருபத்துநாலில் ஊற்றியது எண்பத்தொன்பது, பதினொன்றில் ஊற்றியது நாற்பத்தொன்று. அறைகள் வரிசையாக, ஜன்னல்கள் திறந்து, யாரும் குடிவராத புது வீட்டு வரிசைபோல.

படத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். ஹெட்லி பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க கையில ஒண்ணும் இல்ல ஹெட்லி. பாருங்க. தண்ணியோட சூடு, அவ்வளவுதான். உங்க கை எப்பவும் நல்லாத்தான் இருந்திருக்கு."

படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் அறைகளை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. படங்கள் மேலேயே இருந்துவிடும், தூக்குப்பெட்டியில் எதுவும் கீழே போனதில்லை.

"அழகா இருக்கு" என்றார். "இதை யாரு ஊத்துனா?"

"பம்ப்."

"ம்."

படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "அப்போ இத்தனை வருஷமும் நல்லா வந்தது குளிரால."

நான் வாயைத் திறந்தேன். பதினேழு வருடம் திரியாமல் ஊற்றியது உங்கள் பொறுமைதான், குளிர் தானாக ஊற்றுமா என்றெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், மழை வரும் என்று யாராவது சொன்னால் ஆட்டுவதுபோல. பாத்திரத்தின் விளிம்பைத் துடைத்து முடித்துக் கவிழ்த்து வைத்தார்.

அவரை அனுப்பவில்லை. ஜானிஸ் அதில் உறுதியாக இருந்தார், கொஞ்சம் வெட்கமும் பட்டார் என்று நினைக்கிறேன். பம்ப் நிரந்தரமானது. படிவம் புதிதாக அச்சானது. தண்ணீரின் வெப்பம் என்று ஒரு கோடு சேர்ந்தது, பக்கத்திலேயே பதினொன்று என்று அச்சிட்டிருந்தது. 'ஊற்றியவர்' என்ற இடத்தில் பம்ப்பின் எண். அதற்குக் கீழே பழையபடி 'உடனிருந்தவர்'. இனிமேல் அந்தக் கையெழுத்துப் போடுகிறவர் நாற்பது நிமிடமும் அறையிலேயே இருந்தாக வேண்டும் என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. அந்த வேலையை ஹெட்லிக்குக் கொடுத்தார்கள்.

நான்கு வருடம் அதைச் செய்தார். டை கட்டவில்லை. குளிர்நீர்க் குழாய்களால் அந்த அறை மறுபடி குளிர்ந்துபோனதால் ஸ்வெட்டர்கள் திரும்பி வந்தன. பத்தரை மணிக்கு டாட் கண்ணாடியைத் தட்டி, கோப்பையைத் தூக்கிக் காட்டுவாள். அவர் பம்ப்பைச் சுட்டிக் காட்டுவார், ஒரு நிமிடம் கூடப் பார்வையை எடுக்காமல். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சொட்டு விழுந்தது, துடுப்பு சுற்றியது.

கடைசி வருடம் ஒரு நாள் நான் உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்றேன். என் வேலையெல்லாம் முடிந்திருந்தது, டீ மேசைக்குப் போகத் தோன்றவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். இருவரும் சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏதாவது அளக்கணுமா டாக்டர்?"

"இல்ல. சும்மாதான். கூட நிக்கலாம்னு."

அவர் ஒதுங்கி எனக்கு இடம் விட்டார், பஸ்ஸில் ஒதுங்கியதுபோலவே. பிறகு படிவத்தை எடுத்து, பேனா மூடியைக் கழற்றி, 'உடனிருந்தவர்' என்ற கோட்டைக் காட்டினார்.

"டீ ஆறிடும், நீங்க போங்க" என்றார். "இதுல ஒருத்தருக்குத்தான் இடம் இருக்கு."